எட்டரை மார்க் திரட்டுப்பால்

வேதாவுக்கு ஜலதோஷம் பிடித்தது வியாழக்கிழமை. காமு மாமி வீட்டு வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இருந்த இரண்டு நாளில் பத்து லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, எண்பது கப் திரட்டுப்பால் ஐஸ்கிரீம் செய்து கொடுத்தாக வேண்டும்.

மூக்கு இரண்டும் அடைத்துப்போனதில் காலைக் காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இனிப்பு என்று ஒன்று நாக்கில் பட்டது, அதோடு சரி. கஷாயம் வைத்துக் குடித்தாள், ஆவி பிடித்தாள், பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள். ஆனால் ஐஸ்கிரீமைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதற்குத்தான் உமேஷ் இருக்கிறானே.

சேலையூரில் அவர்கள் காலனியில் "காரமா ஐஸ்கிரீம் போடுற வேதா" என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். சுக்கு-புதினா, வெற்றிலை-கிராம்பு, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் போட்ட ஒன்று, புளிமிட்டாய், மேலே மிளகு வேர்க்கடலை தூவிய கருப்பட்டி என்று அவள் செய்வதெல்லாம் கடையில் கிடைக்காதவை. ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீப் ஃப்ரீசர் நிற்கும். நாலு வருடமாக அதிலிருந்து வெளியே போன எதுவும், உமேஷ் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடாமல் போனதில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வீட்டிலும் அதே வேலைதான் என்று சிரித்துக்கொள்வான். எட்டுக்குக் கீழே போனால் வேதா அதை விற்க மாட்டாள். ஒரு நீல நோட்டில் தேதி, பக்குவம், மார்க் எல்லாம் எழுதி வைப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை பால் முக்கால் பங்கு சுண்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேன்காரர் வந்து மணியடித்தார். கதவைத் திறந்து, காலி கேனைக் கொடுத்து, நடுவில் வரிசையாக ஏழெட்டுத் தும்மலும் தும்மிவிட்டுத் திரும்பியவள் கரண்டியை விட்டுக் கிளறினால், அடியிலிருந்து இரண்டு மூன்று பழுப்புத் திட்டுகள் மேலே வந்தன. சட்டென்று அடுப்பை அணைத்தாள். அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிரயோஜனமில்லை. மூக்கு என்று ஒன்று முகத்தில் இருக்கிறதே தவிர அதற்குள் ஒன்றும் போகவில்லை.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. அடிப்பிடிச்சிருச்சோன்னு பயமா இருக்கு. எனக்கு ஒரு மண்ணும் தெரியல."

உமேஷ் ஸ்பூனை வாங்கி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி மெதுவாகச் சாப்பிட்டான். இன்னொரு ஸ்பூன் எடுத்தான்.

"ஒண்ணும் இல்ல. நல்லா வந்திருக்கு. எட்டரை."

வேதாவுக்கு உயிர் வந்தது. கிரீம் சேர்த்து, உறைய வைத்து, மூன்று முறை எடுத்து அடித்து, சனிக்கிழமைக்குள் எண்பது கப்பையும் நிரப்பி மூடினாள். நாலு கப் மிஞ்சியது. ஞாயிறு காலை உமேஷே தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கிக் காமு மாமி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்று மணிக்கு மாமியின் ஃபோன் வந்தது.

"வேதா, சொல்றேனேன்னு நெனச்சுக்காதேம்மா. ஐஸ்கிரீம்ல தீஞ்ச வாசனை. முக்காவாசிப் பேர் ஒரு வாய் வச்சுட்டு அப்படியே மூடி வச்சுட்டா. சம்பந்தி மாமி எங்கிட்ட வந்து, 'பால் கொஞ்சம் பிடிச்சுடுத்தோ'ங்கறா. எனக்கு எங்க முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியல."

வேதாவுக்குக் காது சூடாயிற்று. "ஒரு நிமிஷம் மாமி" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பொத்திக்கொண்டாள். ஃப்ரீசரிலிருந்து ஒரு கப்பை எடுத்து, கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த உமேஷிடம் நீட்டினாள்.

"தீஞ்ச வாசனை வருதாம். சாப்பிட்டுப் பாருங்க."

அவன் சாப்பிட்டான். ஒரு ஸ்பூன் இல்லை, பாதிக் கப். பிறகு மீதியும். அவன் நேரம் எடுத்துக்கொள்கிறான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

"இல்லையே," என்றான். "சரியாத்தானே இருக்கு."

அவ்வளவு போதும் வேதாவுக்கு. "மாமி, என் வீட்டுக்காரர் இப்பகூட ஒரு கப் முழுசா சாப்பிட்டுப் பார்த்துட்டார். அவர் சொன்னா சொன்னதுதான். உங்க கிச்சன்ல வேற ஏதாவது தீஞ்சிருக்கும். நாலு வருஷமா யாரும் என்னை இப்படிச் சொன்னதில்ல."

அந்தப் பக்கம் வளையல்கள் உரசுவதும் யாரோ சிரிப்பதும் மட்டும் தூரத்தில் கேட்டது.

"சரிம்மா," என்றாள் மாமி. "அறுபது பேரும் சேர்ந்து பொய் சொல்றான்னு வச்சுக்கோ." ஃபோனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் பாத்திரம் தேய்க்கக் கன்னியம்மா வந்தாள். அகரம்தென் பக்கமிருந்து வருகிறவள். ஆறு வருடமாக இந்த வீட்டில் வேலை. மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். பால் காய்ச்சிய பெரிய பாத்திரம் அதுவரை ஊறிக்கொண்டே கிடந்தது.

"இன்னாக்கா இது, இப்டி தீச்சி வச்சிக்கிறே," என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "தண்ணி ஊத்தியும் நாத்தம் போவல. வாசல்லயே அடிச்சிச்சு, எவ வூட்ல இன்னா தீயுதுன்னு பார்த்துகினே வந்தேன்."

வேதா இன்னொரு கப்பை எடுத்துத் திறந்து அவளிடம் கொடுத்தாள். கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சொல்லு, பரவாயில்ல."

"இத்துலயும் கீதுக்கா," என்றாள் தயங்கி. "கொஞ்சம்தான். துண்றதுக்கு ஒண்ணுமில்ல. நான் துண்ணுடறேன், நீ வெசனப்படாத."

வேதா ஹாலுக்கு வந்தாள். உமேஷ் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். பத்தடி தூரம்தான். எல்லாம் கேட்டிருக்கும்.

"நீங்க ஒரு கப் முழுசா சாப்பிட்டீங்க."

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களை நம்பி அந்த மாமிகிட்ட நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? மாமிமேல ஏதாவது கோபமா உங்களுக்கு? இல்ல என்மேலயா?"

"எனக்குத் தெரியல வேதா."

"என்ன தெரியல?"

"வாசனை." சட்டையைக் கீழே வைத்தான். "எந்த வாசனையும் தெரியாது. அந்த ஜுரத்துலேர்ந்து."

எந்த ஜுரம் என்று கேட்க வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர்கள் வீட்டில் 'அந்த ஜுரம்' என்றால் ஒன்றுதான். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். உமேஷுக்கு வந்தது, அவளுக்கு வந்தது, அவள் அம்மாவுக்கும் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அம்மா எழவில்லை. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட விடவில்லை. அதன்பின் ஒன்றரை மாதம் வேதா சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்கு 'ம்' என்றாள். வேறு பேச்சில்லை. அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. பிறகு ஒருநாள், பக்கத்து வீட்டில் கொடுத்த மாம்பழங்கள் அழுகிப்போகுமே என்று, எதிலோ பார்த்த மாதிரி பாலோடு அடித்து ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் போட்டு உமேஷிடம் நீட்டினாள்.

"அன்னிக்கு நீ 'எப்படி இருக்கு'ன்னு கேட்டே," என்றான் உமேஷ். "ஒன்றரை மாசத்துல நீயா கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு மாம்பழம்னே தெரியல, ஏதோ இனிப்பா குளிரா இருந்துச்சு. சூப்பர்னு சொன்னேன். நீ சிரிச்சே. மறுநாள் வேற ஒண்ணு செஞ்சே. ரெண்டு வாரத்துல மூக்கு சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. சரியானதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சரியாகல."

"டாக்டர்கிட்ட?"

"தாம்பரத்துல ஒருத்தர்கிட்ட போனேன். கிராம்பு, எலுமிச்சை, ரோஸ், யூகலிப்டஸ்னு நாலு பாட்டில் வச்சுக்கிட்டு தினம் ரெண்டு வேளை முகரச் சொன்னார். ஆறு மாசம் செஞ்சேன். கம்பெனியில வச்சிருந்தேன். தனசிங் டிராயர்ல."

"தனசிங் அண்ணாவுக்குத் தெரியுமா?"

"அங்க பெயிண்ட் தின்னர், கேஸ் கட்டிங்னு எல்லாம் இருக்கு. ஏதாவது கசிஞ்சா எனக்குத் தெரியாதே. யாருக்காவது சொல்லி வைக்கணும் இல்ல."

வேதாவுக்கு அதுதான் நேராக உள்ளே இறங்கியது. உமேஷோடு வேலை பார்க்கிற, வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்து, "தங்கச்சி ஐஸ்கிரீமுக்காகத்தான் வந்தேன்" என்று சிரிக்கிற தனசிங்குக்குத் தெரியும். ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்குத் தெரியாது. தினமும் ஆபீஸ் கிளம்பும் முன்பும் படுக்கும் முன்பும் உமேஷ் கேஸ் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. எப்போதோ ஒருமுறை அவள் அடுப்பை அணைக்க மறந்ததைக் குத்திக் காட்டுகிறான் என்று அதற்காக எத்தனை சண்டை. ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"எட்டரை எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

"கசக்குதான்னு பார்த்தேன். கசக்கல. துகள் ஏதாவது நாக்குல தட்டுதான்னு பார்த்தேன். இல்ல. வழவழன்னு இருந்துச்சு."

"புகை வாசனை கசக்காது. மூக்குலதான் தெரியும்."

"தெரியும். ஆனா நீ ஜலதோஷத்தோட நிக்கறே. நானும் தெரியலன்னா பத்து லிட்டர் பாலை வச்சுக்கிட்டு யார்கிட்ட போய்க் கேப்பே?"

"எதிர் வீட்ல கேப்பேன். வாட்ச்மேன்கிட்ட கேப்பேன். தெருவுல போறவங்க யாரையாவது கூப்பிட்டுக் கேப்பேன். மூக்குள்ளவங்களுக்கா பஞ்சம் இந்த ஊர்ல?"

கன்னியம்மா பின்பக்கமாகவே சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தாள்.

வேதா சமையலறை மேடைமேல் அந்த நீல நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கிழித்துப் போடத்தான் எடுத்தாள். கணக்கு டீச்சர் புத்தி, கிழிப்பதற்கு முன் படித்தது. சுக்கு-புதினா, ஒன்பதரை. பச்சை மிளகாய் எலுமிச்சை, ஒன்பது. புளிமிட்டாய், ஒன்பது. மிளகு வேர்க்கடலை, ஒன்பதே கால். பக்கத்தைத் திருப்பினாள். மல்லிகை, ஐந்து. தாழம்பூ, ஐந்தரை. நன்னாரி, ஆறு. பலாப்பழம், ஆறு.

இரண்டாவது தடவை படித்தபோது புரிந்தது. எரிகிறது, புளிக்கிறது, ஜில்லென்று தொண்டையில் ஏறுகிறது, பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது என்பதெல்லாம் மேலே. வாசனையை மட்டுமே நம்பி இருந்ததெல்லாம் கீழே. வாய் 'நல்லா இருக்கு' என்று சொன்ன அதே நேரத்தில் அவன் போட்ட எண் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஊரே ஆசையாக வாங்கிய அவளுடைய ஐஸ்கிரீம் எல்லாம் அவன் நாக்குக்கு எட்டியவை. அவளுக்கு மட்டும் பிடித்திருந்தவை இந்தப் பக்கத்தோடு நின்றுபோயின.

நோட்டோடு ஹாலுக்குப் போனாள். "பலாப்பழத்துக்கு ஆறு போட்டீங்க. அன்னிக்கு நான் நாலு கிண்ணம் சாப்பிட்டேன். உங்களுக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

"இனிப்பு சரியா இருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எனக்கு நம்பர்ல பொய் சொல்ல வராது வேதா."

"வாயில வரும்," என்றாள் வேதா.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள், பேசவில்லை. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருந்தபோது, நாலைந்து நாள் ஜலதோஷத்துக்குத் தெருவையே கூட்டிய தன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நாலு வருடம் ஒருவன் தட்டில் வைத்ததையெல்லாம் வெந்நீர் மாதிரி சாப்பிட்டு எழுந்திருக்கிறான். அந்தப் பரிதாபத்தை ஒரு தட்டில் வைத்தாலும் தராசு அந்தப் பக்கம் இறங்கவில்லை. வாசனை போனது அவன் குற்றமில்லை. இனி அவன் 'நல்லா இருக்கு' என்று சொன்னால் அவள் என்ன செய்வது? இந்தப் புடவை நல்லா இருக்கு, எனக்கு ஒண்ணும் களைப்பில்ல, உன் சாம்பாருக்கு ஈடில்ல என்று இத்தனை நாள் சொன்னதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? ஐஸ்கிரீமை விட்டுவிடலாம். கட்டிக்கொண்டவனின் வார்த்தையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஒரு வீட்டில் இருக்க முடியுமா?

உமேஷ் அன்று ஐந்தரைக்கே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"காமு மாமியைப் பார்க்கணும். நீயும் வா. பேச வேண்டியதை நான் பேசறேன்."

மாமி கேம்ப் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள். கதவைத் திறந்தவள் முகத்தில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை. சோபாவில் மகள் ஸ்ம்ருதி முழங்கை வரை வளையலோடு சாய்ந்திருந்தாள். வேதாவுக்கு அந்தக் கைகளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

உமேஷ் உட்காரவில்லை. "மாமி, நேத்து நடந்தது என் தப்பு. வேதாவுக்கு ஜலதோஷம். பால் பிடிச்சிருக்கான்னு என்னைத்தான் பார்க்கச் சொன்னா. எனக்கு வாசனை தெரியாது. கோவிட்ல போனது, திரும்ப வரல. அதை அவகிட்டகூடச் சொல்லாம, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். நீங்க ஃபோன் பண்ணினப்போ மறுபடியும் அதையே சொன்னேன். அதை நம்பித்தான் அவ உங்ககிட்ட அப்படிப் பேசினா."

இந்த வார்த்தைகளை அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். வண்டியில் பின்னால் இருந்தவளுக்கு அவன் தோள் இறுகியிருந்தது இப்போதுதான் விளங்கியது.

"நாலு வருஷமாவா?" என்றாள் மாமி.

"ஆமா."

"கூட இருக்கறவகிட்ட ஏம்பா சொல்லல?"

"முதல் மாசமே சொல்லியிருந்தா ஜுரத்தோட ஒண்ணுன்னு போயிருக்கும் மாமி. அப்புறம் சொன்னா, அதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். நாளாக நாளாக பயம்தான் ஜாஸ்தியாச்சு."

"நானும் நேத்து அப்படிப் பேசினது தப்பு மாமி," என்றாள் வேதா. "உங்க வீட்டு விசேஷத்துல இப்படி ஆயிருக்க வேண்டாம்."

மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உமேஷிடம், "நீ உக்காரு முதல்ல. வாசனை தெரியாதவனுக்கு என் காபி ஆகாதுன்னு சொல்ல மாட்டியே?" என்றாள்.

"சூடு தெரியும் மாமி. கசப்பும் தெரியும்."

"அப்போ பாதிக் காபி தெரியறது. போதும்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "குழந்தையைத் தொட்டில்ல போடறச்சே பண்ணிக் குடு வேதா. மூக்குள்ளவாளா ஒருத்தரைப் பக்கத்துல நிறுத்திண்டு பண்ணு."

ஸ்ம்ருதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் வரேன் வேதாக்கா. எனக்கு இப்ப அடுத்த தெரு வாசனைகூட வருது."

திரும்பும்போது கேம்ப் ரோட்டின் கூட்டத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. வேதாவுக்கு மூக்கில் ஏதோ விலகின மாதிரி இருந்தது. டீசல் புகை, யாரோ வைத்திருந்த பூ, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பலாப்பழம். உமேஷின் தோளைத் தட்டினாள். இறங்கிப் போய் ஒரு கிலோ சுளை வாங்கி வந்து வண்டிக் கொக்கியில் மாட்டினாள். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் பார்த்தார்.

"என்ன பார்க்கறாங்க?" என்றான் உமேஷ்.

"பலாப்பழம். நாலு வண்டிக்கு மணக்குது."

"அப்படியா," என்றான். அதை ஒரு செய்தி மாதிரிக் கேட்டுக்கொண்டான். "எனக்கு ஒண்ணுமில்ல." இப்படி ஒரு வார்த்தையை அவன் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு லேசாக வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் சுளையை அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, உறைய வைத்து எடுத்து அடித்தாள். செவ்வாய் மாலை. வெயில் இறங்கியும் வெக்கை இறங்காத நேரம். உமேஷ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் பாத்திரத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முதல் வாயைத் தானே எடுத்துக்கொண்டாள். பழம் பழமாகவே வந்திருந்தது. வெகுநாள் கழித்துத் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறோம் என்று பட்டது. பிறகு அவனிடம் ஒரு ஸ்பூன் நீட்டினாள்.

அவன் கண்ணை மூடப்போனான். மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

"ம்?"

"குளிரா இருக்கு. இனிப்பு இருக்கு. நார் ஒண்ணு ரெண்டு நாக்குல மாட்டுது." கொஞ்சம் தேடினான். "அவ்வளவுதான் வேதா. பலாப்பழம்னு நீ சொல்லித்தான் தெரியும்."

அவள் காத்திருந்த வலி வரவில்லை. தன் கைப்பக்குவத்தில் ஒன்று அவனுக்கு ஒன்றுமே இல்லை என்று அவன் வாயாலேயே கேட்டுவிட்டு அவளால் அடுத்த வாயை எடுத்து வைக்க முடிந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

"அப்போ இது எனக்கு," என்று பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்று வாய் போயிருக்கும். உமேஷ் கையை நீட்டினான்.

"ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்க?"

"குளிரா இருக்குன்னும் சொன்னேனே," என்றான். "வெளியில என்ன புழுக்கம் பாரு."

வேதா அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அது நிஜம்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பாத்திரத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.